வட்டத்தை வகுத்தவர் யார்? வெண்ட்லாண்ட் கிராமங்களைப் பற்றிய ஒரு நீண்ட விவாதம்

வடக்கு ஜெர்மனியில், லோயர் சாக்சனி மாநிலத்தின் கிழக்கு மூலையில் லியூஹோ-டானன்பெர்க் என்றொரு மாவட்டம் இருக்கிறது. மக்கள் வழக்கில் அதன் பெயர் வெண்ட்லாண்ட். வெண்டுகளின் நாடு என்று பொருள். ஸ்லாவ் மொழி பேசிய அண்டை மக்களை ஜெர்மானியர் வெண்டுகள் என்று அழைத்தனர். லியூஹோ நகரத்துக்கு மேற்கே உள்ள கியூஸ்டன் அந்த மாவட்டத்தின் சிறிய ஊராட்சிகளில் ஒன்று. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இந்த ஊராட்சி பல சிற்றூர்களின் தொகுப்பு. கியூஸ்டன், லியூபெல்ன், சியூடன், மொய்ஷெஃபிட்ஸ், பெலிட்ஸ், சாலான், டோல்ஸ்டெஃபான்ஸ் முதலிய ஊர்கள் 1970களின் தொடக்கத்தில் நடந்த நிர்வாகச் சீரமைப்பில் ஒரே ஊராட்சியாயின.

இச்சிற்றூர்களில் பலவற்றுக்கு ஓர் அமைப்பு பொதுவாக இருக்கிறது. ஊருக்குள் நுழைய ஒரே வழி. அந்த வழி ஊர் நடுவே ஒரு பொது முற்றத்தில் போய் முடிகிறது. முற்றத்தைச் சுற்றி, குதிரை லாடம் போல வளைந்து, வீடுகள் நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டின் முக்கோண முகப்பும் முற்றத்தை நோக்கியே இருக்கிறது. வட்டமாக உட்கார்ந்து வழக்குப் பேசும் ஊர்க்கூட்டம் எழுந்து போகாமல் அப்படியே வீடுகளாகிவிட்டது போன்ற தோற்றம். வீட்டுமனைகள் முற்றத்தருகே குறுகியும் பின்னே போகப்போக அகன்றும் ஆப்பு வடிவில் விரிகின்றன. மனையின் பின்கோடியில் ஓக் மரத்தோப்பு. அதற்கும் அப்பால் ஈரப் புல்வெளி. இந்த வகை ஊருக்கு ஜெர்மன் மொழியில் ருண்ட்லிங் என்று பெயர். வெண்ட்லாண்டில் ஒருகாலத்தில் இருநூறுக்கு மேற்பட்ட ருண்ட்லிங்குகள் இருந்தன. சுமார் நூறு ஊர்களில் வடிவத்தை இன்றும் அடையாளம் காணலாம்.

இவ்வூர்கள் ஏன் வட்டமாயின? வகுத்தவர் யார்? ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இக்கேள்விக்கு விடை சொல்லிவருகிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எதை விளக்கின, எங்கே தடுமாறின என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தின் அமைப்பு

எந்த விடையைச் சோதிப்பதற்கும் முதலில் நிலத்தை அறிய வேண்டும். வெண்ட்லாண்டின் மேற்கு எல்லையில் திராவேன் என்ற மேட்டுத்தொடர் ஓடுகிறது. பனியுகத்தின் பனிப்பாளங்கள் தள்ளிவந்து குவித்த மணலும் கல்லும் களிமண்ணுமே இந்த மேடு. இதன் உயர்ந்த முகடான ஹோயர் மெஹ்டின் 142 மீட்டர்தான். தட்டையான வடஜெர்மனியில் அதுவே மலை என்ற பெயருக்குப் போதும். இம்மேடு கிழக்கே மெல்லச் சரிந்து தாழ்திராவேன் என்ற அலையலையான நிலமாகிறது. அதுவும் இறங்கி யேட்சல் ஆற்றின் தாழ்நிலத்தில் கலக்கிறது. யேட்சல் வடக்கே லியூஹோ, டானன்பெர்க் நகரங்கள் வழியாக ஓடி ஹிட்சாக்கரில் எல்பே ஆற்றில் சேர்கிறது.

கியூஸ்டன் ஊராட்சி இருப்பது தாழ்திராவேனில். சிற்றோடைகள் அந்த நிலத்தைப் பல நாக்குகளாக அறுத்திருக்கின்றன. நாக்கின் மேற்புறம் உழவுக்கேற்ற உலர்ந்த நிலம். இருபுறமும் ஓடைக்கரை ஈரநிலம். ருண்ட்லிங்குகள் பெரும்பாலும் உலர்நிலமும் ஈரநிலமும் சந்திக்கும் விளிம்பில், நாக்கின் நுனியை ஒட்டி அமைந்தவை. முன்பக்கம் வயல், பின்பக்கம் மேய்ச்சலும் தண்ணீரும் என்ற வசதி அந்த இடத்தில் கிடைக்கிறது. இந்த இடத்தேர்வு தற்செயலானதாக இருக்க முடியாது என்பதில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போகின்றன. அந்த இடத்தில் ஊர் வட்டமாகத்தான் அமைய வேண்டுமா என்பதில்தான் பிரிகின்றன.

மக்களும் மொழியும்

எல்பேயின் மேற்குக் கரையில் ஸ்லாவ் மக்கள் குடியேறி நிலைத்த பகுதிகளில் வெண்ட்லாண்டும் ஒன்று. திராவேன் என்ற பெயரே மரத்தைக் குறிக்கும் ஸ்லாவ் சொல்லிலிருந்து வந்தது. காட்டு மக்களின் நிலம் என்று பொருள் கொள்ளலாம். 12ஆம் நூற்றாண்டில் லியூஹோவிலும் டானன்பெர்க்கிலும் ஜெர்மானியச் சிற்றரசர்கள் நிலைபெற்றனர். சாக்சனியின் பிரபு, சிங்கம் ஹைன்ரிஹ் என்று வரலாறு அழைப்பவர், 1180இல் பதவி இழக்கும்வரை இப்பகுதியின் பெரும் அதிகாரமாக இருந்தார். எல்பேக்குக் கிழக்கே ஜெர்மானியக் குடியேற்றம் பெருகிய காலமும் அதுவே.

ஆனால் வெண்ட்லாண்டில் ஸ்லாவ் மக்கள் விரட்டப்படவில்லை. அவர்களது மொழியான போலாபியம் 18ஆம் நூற்றாண்டு வரை இங்கே பேசப்பட்டது. எல்பேயின் ஸ்லாவ் பெயர் லாபா. லாபாக்கரை மொழி என்பதே போலாபியம் என்ற சொல்லின் பொருள். தத்துவஞானி லைப்னிட்ஸ் இம்மொழியின் மீது ஆர்வம் கொண்டு தகவல் சேகரித்தார். வுஸ்ட்ரோ ஊரின் பாதிரியார் கிறிஸ்டியான் ஹென்னிஹ் விரிவான சொல்லகராதியைத் தொகுத்தார். கியூஸ்டன் ஊராட்சிக்குள் அடங்கும் சியூடனில், 1677 முதல் 1740 வரை வாழ்ந்த யோஹான் பாரும் ஷுல்ட்சே என்ற உழவர், ஊர் வரலாற்றை எழுதிவைத்தபோது தம் தாய்மொழிச் சொற்களையும் பட்டியலிட்டார். தம் தலைமுறையோடு அந்த மொழி போய்விடும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1756இல் டோல்கோ ஊரில் இறந்த எமரென்ட்ஸ் ஷுல்ட்சே என்ற மூதாட்டியே அம்மொழியைப் பேசிய கடைசி மனிதராகக் குறிக்கப்படுகிறார்.

மொழி மறைந்தாலும் ஊர்ப்பெயர்கள் மறையவில்லை. இட்ஸ், ஓ, இன் என முடியும் பெயர்கள் மாவட்டமெங்கும் நிறைந்திருக்கின்றன. வட்ட ஊர்களையும் ஸ்லாவ் பெயர்களையும் ஒருசேரக் கண்ட 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இரண்டையும் இணைத்து முதல் விடையைச் சொன்னார்கள்.

முதல் விடை: வடிவம் இனத்தின் கையெழுத்து

விக்டர் யாகோபி 1845இல் வெளியிட்ட ஆய்வில், ஆல்டன்புர்க் நிலத்தைக் கொண்டு, வட்ட ஊர் ஸ்லாவ் மக்களுடையது என்று வாதிட்டார். 1856இல் அவர் லியூனபுர்க் நிலத்தையும் சேர்த்துக்கொண்டார். வெண்ட்லாண்ட் அந்த நிலத்தின் ஒரு பகுதி. 1895இல் ஆகஸ்ட் மைட்சன் தமது பெருநூலில் இந்த எண்ணத்தை ஐரோப்பா முழுமைக்கும் விரித்தார். தனித்தனிப் பண்ணை வீடுகள் கெல்ட்டியருடையவை. ஒழுங்கின்றித் திரண்ட பெரிய ஊர்கள் ஜெர்மானியருடையவை. வட்ட ஊர்களும் தெரு ஊர்களும் ஸ்லாவியருடையவை. ஊரின் வரைபடத்தைப் பார்த்தால் அதைக் கட்டிய இனம் தெரிந்துவிடும் என்பது இதன் அடிப்படை.

இந்த விடையின் வலிமை அதன் எளிமை. அது முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. ருண்ட்லிங்குகள் ஜெர்மனி முழுவதும் பரவியிருக்கவில்லை. பால்டிக் கடலோரத்திலிருந்து தெற்கே சாக்சனியின் மலைகள் வரை, எல்பே, சாலே ஆறுகளை ஒட்டிய ஒரு பட்டையில் திரண்டிருக்கின்றன. ஸ்லாவியரும் ஜெர்மானியரும் எதிர்ப்பட்ட எல்லைநிலம் அது.

பலவீனமும் அதே வரைபடத்தில்தான் இருக்கிறது. வட்டம் ஸ்லாவ் மரபென்றால், கிழக்கே போகப்போக, ஸ்லாவ் நிலத்தின் உள்ளே, வட்ட ஊர்கள் பெருக வேண்டும். பெருகவில்லை, அருகுகின்றன. ஸ்லாவியர் மட்டுமே வாழ்ந்த நிலத்தில் இல்லாத ஒன்று, அவர்கள் இன்னொரு மக்களோடு கலந்த இடத்தில் மட்டும் எப்படி அவர்களது தொன்மரபாகும்? அகழாய்வில் தெரியவரும் தொடக்ககால ஸ்லாவ் குடியிருப்புகளிலும் இப்படியொரு ஒழுங்கான வளைவு பொதுவாகத் தென்படுவதில்லை.

இந்த விளக்கம் நீண்ட நாள் செல்வாக்குடன் இருந்ததற்குக் காலச்சூழலும் காரணமாகலாம். தேசங்கள் தங்கள் எல்லைகளையும் தொன்மையையும் தேடிய நூற்றாண்டு அது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் கிழக்கு நிலங்களைப் பற்றிய ஆய்வு அரசியலோடு இறுகப் பிணைந்தபோது, எந்த ஊர் எந்த இனத்துக்குச் சொந்தம் என்ற கேள்வி ஆபத்தான ஆயுதமாயிற்று. ஓர் உழவர் தம் வீட்டை எந்தத் திசை பார்த்துக் கட்டினார் என்பதைக் கொண்டு ஒரு மக்களின் நில உரிமையைத் தீர்மானிக்கும் முறையை இன்றைய ஆய்வு கைவிட்டதை வெறும் கல்வித்துறை முன்னேற்றமாக மட்டும் பார்க்க முடியாது. அறநோக்கிலும் அது தேவைப்பட்ட திருத்தம்.

இரண்டாம் விடை: அரணும் பட்டியும்

இனத்தை விட்டுப் பயனைத் தேடியவர்கள் இரண்டு விளக்கங்களை முன்வைத்தனர். ஒன்று பாதுகாப்பு. எல்லைநிலத்தில் போரும் கொள்ளையும் இயல்பு. ஒரே வாசல், சுற்றி வீடுகள் என்ற அமைப்பு எதிரியைத் தடுக்கும் அரண் என்பது வாதம். மற்றொன்று கால்நடை. இரவில் மாடுகளை நடுமுற்றத்தில் அடைத்து வாசலை மூடிவிட்டால் ஊரே ஒரு பட்டியாகிவிடும் என்பது வாதம்.

இரண்டும் கேட்டவுடன் மனத்தில் பதிகின்றன. சுற்றுலா வருவோருக்குச் சொல்லப்படும் கதைகளில் இன்றும் இவை முன்னால் நிற்பது அதனால்தான். சான்றுகளோ இவற்றுக்குப் பெரிதாகத் துணைநிற்கவில்லை. ஊரைச் சுற்றி அகழியோ மரவேலி அரணோ ருண்ட்லிங்குகளின் பொது இயல்பாகக் கண்டறியப்படவில்லை. இடைக்காலத்தில் ஊர் சிறியது. வீடுகளுக்கிடையே அகன்ற இடைவெளி இருந்திருக்க வேண்டும். மரச்சட்டமும் வைக்கோல் கூரையும் கொண்ட வீடுகள் ஒரு தீப்பந்தத்துக்குத் தாங்கா. ஸ்லாவியரிடம் கோட்டைகள் இல்லாமலும் இல்லை. ஹிட்சாக்கரின் வைன்பெர்க் குன்றில் அகழ்ந்து கண்ட கோட்டை, அரண் வேண்டியபோது அவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்பதைக் காட்டுகிறது.

பட்டி விளக்கத்துக்கும் இடர் உண்டு. இப்பகுதியின் மரபு வீடு மனிதரும் மாடும் விளைச்சலும் ஒரே கூரைக்குள் அடங்கும் பெரிய கூடவீடு. முற்றத்தை நோக்கிய பெருவாசல் வழியே வைக்கோல் வண்டி நேரே உள்ளே போகும், இருபுறமும் தொழுவம், கோடியில் அடுப்பும் வசிப்பிடமும். தொழுவம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது முற்றத்தைப் பட்டியாக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. கூடவீடு இப்பகுதிக்கு எப்போது வந்தது என்பதைப் பொறுத்து இந்த மறுப்பின் வலுவும் மாறும். எனவே பட்டி விளக்கத்தை முழுதாகத் தள்ளுவதைவிட, முதன்மைக் காரணமாக ஏற்கப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்வதே பொருத்தம்.

மூன்றாம் விடை: மண்ணும் வேளாண்மையும்

1931இல் புவியியல் அறிஞர் அன்னலீசே கிரென்ஸ்லின் ஹனோவரிய வெண்ட்லாண்டின் பண்பாட்டு நிலத்தோற்றம் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பிறகு எல்பேக்குக் கிழக்கே உள்ள நிலங்களையும் ஆராய்ந்து 1952இல் மற்றொரு பெரும் படைப்பைத் தந்தார். ஊர், வயல், பொருளாதாரம் மூன்றையும் தனித்தனியே பார்க்கக் கூடாது என்பது அவரது வழி. ஊரின் வரைபடம் உழவுமுறையோடும், உழவுமுறை மண்ணோடும் பின்னியிருக்கிறது. மேய்ச்சலை நம்பிய சிறு குடியிருப்புக்கு ஈரநிலத்தின் விளிம்பு பொருந்தும். தானிய உழவு பெருகும்போது வயலும் ஊரும் மாறும்.

இந்த அணுகுமுறை விவாதத்தை இனத்திலிருந்து நிலத்துக்கு இறக்கியது. அது பெரிய பங்களிப்பு. உலர்நில நாக்கின் நுனியில் ஊர் வளைவாக அமைந்தால் ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஈரப் புல்வெளியைத் தொடும். மனைகள் ஆப்பு வடிவில் விரிந்தால் ஒவ்வொருவருக்கும் கொல்லையும் தோப்பும் மேய்ச்சலும் கிடைக்கும். கியூஸ்டன் பகுதியின் ஓடைக்கரைகளைப் பார்க்கும்போது இந்த விளக்கத்தின் இயல்பு புரியும்.

ஆனால் நிலம் ஒரு வடிவத்தை எளிதாக்கலாம், கட்டாயமாக்குவதில்லை. இதே போன்ற மேடுபள்ளங்கள் கொண்ட ஜெர்மனியின் வேறு பகுதிகளில் ருண்ட்லிங் இல்லை. வெண்ட்லாண்டுக்குள்ளேயே இந்த நில அமைப்புக்குப் புறம்பான இடங்களிலும் வட்டம் காணப்படுகிறது. மண் மட்டுமே காரணமென்றால், அந்தக் குறுகிய பட்டையில், அந்தக் காலத்தில் மட்டும் வட்டம் தோன்றியது ஏன் என்ற வினா அப்படியே நிற்கிறது.

நான்காம் விடை: திட்டமிட்ட குடியேற்றம்

1964இல் வோல்ஃப்காங் மைபையர் கிழக்கு லோயர் சாக்சனியின் ருண்ட்லிங் ஊர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் தொடர்ந்த அவரது வேலை இன்றைய விவாதத்தின் மையமாக இருக்கிறது. ருண்ட்லிங் தொன்மையான மரபும் அன்று, தானாக வளர்ந்ததும் அன்று. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நிலப்பிரபுக்களின் ஆட்சியில் திட்டமிட்டு வகுக்கப்பட்ட குடியேற்ற வடிவம் என்பது அவரது முடிவின் சாரம். அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் பெரும்பாலும் ஸ்லாவ் உழவர்கள். திட்டம் ஒருவருடையது, வாழ்வு மற்றவருடையது.

இந்த முடிவுக்கு அவர் வந்த முறை கவனிக்கத்தக்கது. 18, 19ஆம் நூற்றாண்டுகளின் நில அளவைப் படங்களையும் பழைய வரிப்பதிவேடுகளையும் ஒப்பிட்டு, பிற்காலத்தில் சேர்ந்த வீடுகளையும் பிரிந்த மனைகளையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பின்னோக்கிப் போவது. அப்படிப் போனால் பெரிய வட்டம் சுருங்கி, சில பண்ணைகள் மட்டும் கொண்ட சிறிய லாட வளைவு எஞ்சுகிறது. அந்த வளைவில் ஊர்த்தலைவரின் பண்ணை பல ஊர்களில் தனியிடம் பெற்றிருக்கிறது. அவரது நிலத்துக்கும் தனி முறை இருந்திருக்கிறது. வயலும் ஒழுங்கான நீள்பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. தேவாலயங்கள் பெரும்பாலும் வட்டத்துக்கு வெளியே நிற்பது, வட்டம் வகுக்கப்பட்ட பிறகே அவை வந்தன என்ற எண்ணத்துக்கு இடமளிக்கிறது. இவை எல்லாம் ஒரே காலத்தில் ஒரே கருத்துடன் நடந்த நிலப்பங்கீட்டைச் சுட்டுவதாக வாதம் செல்கிறது.

இதன் பெரும் வலிமை, முதல் விடையின் புதிரை இது அவிழ்ப்பதில் இருக்கிறது. வட்ட ஊர் எல்லைநிலத்தில் மட்டும் இருப்பதற்குக் காரணம், இரு மக்களும் சந்தித்த அந்தக் கட்டத்தில் அது தோன்றியதே. கிழக்கே குடியேற்றம் நகர்ந்தபோது நீண்ட தெரு ஊர், நடுத்திடல் ஊர் எனப் பெரிய உழவுக்கேற்ற வடிவங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆகவே ருண்ட்லிங்கைக் குடியேற்றத்தின் ஆரம்பகால மாதிரி என்று கொள்ளலாம்.

இதற்கும் கேள்விகள் உண்டு. முதலாவது, எழுத்துச் சான்று இல்லாமை. எல்பேக்கு வடக்கே, ஹோல்ஸ்டைனின் சிற்றரசர் குடியேறிகளை அழைத்த செய்தியை ஹெல்மோல்ட் என்ற பாதிரியார் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். வெண்ட்லாண்டுக்கு அப்படியொரு சாட்சி இல்லை. இங்குள்ள ஊர்களில் பெரும்பாலானவற்றின் பெயர் பிந்தைய நூற்றாண்டுகளின் ஆவணங்களிலேயே முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. இரண்டாவது, பட்டை முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருக்கவில்லை. பல பிரபுக்களின் நிலங்களில் ஒரே வடிவம் தோன்றியதை ஒரு கட்டளை விளக்காது. பரவிய ஒரு பழக்கமோ, நிலம் வகுப்பதைத் தொழிலாகக் கொண்டோரின் வழக்கமோ இருந்திருக்க வேண்டும். மூன்றாவது, திட்டமிட்டவருக்கு வட்டம் ஏன் பிடித்தது? திட்டம் இருந்தது என்று காட்டுவது ஒரு படி. அந்தத் திட்டம் வளைவைத் தேர்ந்ததன் காரணம் அடுத்த படி. அந்த இடத்தில் அரணையும் பட்டியையும் மண்ணையும் பற்றிய பழைய விளக்கங்கள் மெல்லத் திரும்பிவருகின்றன.

ஐந்தாம் விடை: வட்டம் வளர்ந்தது

மேற்சொன்ன பின்னோக்கும் முறையே இன்னொரு உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. இன்று நாம் காணும் நெருக்கமான, ஏறக்குறைய மூடிய வட்டம் 12ஆம் நூற்றாண்டுக்கு உரியது அன்று. தொடக்கத்தில் இருந்தது சில பண்ணைகளின் தளர்ந்த வளைவு. பிற்காலத்தில் பண்ணைகள் பாகம் பிரிந்தன. ஒரு மனை இரண்டானது. இடைவெளிகளில் புதுக்குடிகள் வந்தன. நுழைவாயிலை ஒட்டி நிலமற்றோரின் சிறுவீடுகள் எழுந்தன. இப்படிப் பல தலைமுறைகள் சேர்ந்தே வட்டத்தை நிரப்பின.

நிற்கும் வீடுகளின் வயதும் இதையே சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மரச்சட்ட வீடுகள். முகப்பு விட்டத்தில் கட்டிய ஆண்டும் இறைவேண்டலும் செதுக்கியிருப்பார்கள். இந்த அழகுக்குப் பின்னே ஆளி இருக்கிறது. ஆளிச்செடி பயிரிட்டு, நூல் நூற்று, லினன் துணி நெய்து விற்றதில் வந்த வருமானம் இப்பகுதி உழவரின் கையில் பணம் புரளச் செய்தது. சாட்டெமின் ஊர் 1850இல் தீயில் அழிந்து, ஒரே மூச்சில் மீண்டும் எழுப்பப்பட்டது; அங்கே ஒரே காலத்து முகப்புகள் அணிவகுத்து நிற்பதற்குக் காரணம் அதுவே. தீக்குப் பிறகு புதிய நேர்த்தெருவை அமைக்காமல் அவர்கள் பழைய வளைவை ஒட்டியே கட்டினார்கள் என்பது, வடிவம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்று.

பிறகு பருத்தித்துணி மலிந்து லினன் வாணிகம் சரிந்தது. பணம் இல்லாத ஊர் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டுவதில்லை. 1949 முதல் 1990 வரை இம்மாவட்டம் மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனி எல்லையால் சூழப்பட்டு, தொழில்வளர்ச்சி எட்டாத மூலையாகக் கிடந்தது. அந்த ஒதுக்கமும் வட்டத்தைக் காத்தது. எல்லைக்கு அப்பால் இதற்கு நேர்மாறானதும் நடந்தது: ஆல்ட்மார்க் பகுதியின் யார்சாவ் என்ற ருண்ட்லிங், எல்லைப் பாதுகாப்பின் பெயரால் 1970இல் தரைமட்டமாக்கப்பட்டது. ஆக, வெண்ட்லாண்டின் வட்டங்கள் எஞ்சியதற்கு முதல் திட்டம் எவ்வளவு காரணமோ, பிந்தைய செல்வமும் அதன்பின் வந்த வறுமையும் அவ்வளவு காரணம்.

இந்த விளக்கத்தின் பலவீனம் அதன் எல்லையில் இருக்கிறது. வட்டம் எப்படி நிறைந்தது, எப்படித் தப்பியது என்பதை இது தெளிவாகச் சொல்கிறது; முதல் வளைவு எப்படித் தோன்றியது என்பதைச் சொல்வதில்லை. எனவே இதைத் திட்டமிட்ட குடியேற்ற விளக்கத்துக்கு எதிரியாக அன்றி, அதன் தொடர்ச்சியாகவே பலரும் படிக்கின்றனர்.

சான்றுகளின் எல்லை

நூற்றெண்பது ஆண்டுகளாகியும் விவாதம் முடியாததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, மக்கள் குடியிருக்கும் ஊரைத் தோண்ட முடியாது. ருண்ட்லிங்கின் தொடக்கம் இன்றைய வீடுகளின் அடித்தளத்துக்கும் முற்றத்துக்கும் கீழே இருக்கிறது. ஒரு வீடு பழுதுபார்க்கப்படும்போதோ ஒரு குழாய் பதிக்கப்படும்போதோதான் மண் திறக்கிறது. கைவிடப்பட்டுப் பாழான ஊர்களை அகழலாம்; ஆனால் கைவிடப்பட்ட ஊர் நிலைத்த ஊருக்கு எவ்வளவு தூரம் பிரதிநிதியாகும் என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, முதன்மைச் சான்றான நிலப்படங்கள், கேட்கப்படும் காலத்துக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பிந்தியவை. ஹனோவர் அரசு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடத்திய நில அளவையும், 19ஆம் நூற்றாண்டில் சிதறிக் கிடந்த வயல்துண்டுகளை ஒன்றுசேர்த்தபோது வரைந்த படங்களும் அருமையானவை. ஆனால் பின்னோக்கிச் செல்லும் ஒவ்வொரு படியிலும் ஓர் ஊகம் சேர்கிறது. இடையில், இடைக்காலத்தின் இறுதியில், பல ஊர்கள் பாழாகி அவற்றின் வயல்கள் அண்டை ஊர்களில் கலந்தன. அந்தக் கலப்பைத் துல்லியமாகப் பிரிப்பது எளிதன்று.

மூன்றாவது, எழுதியவர் ஒரு தரப்பு மட்டுமே. வரி வாங்கியவரின் பதிவேடு இருக்கிறது; வரி கொடுத்தவரின் குரல் இல்லை. ஸ்லாவ் உழவர்கள் தங்கள் ஊரைப் பற்றி என்ன நினைத்தார்கள், முற்றத்தை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதைச் சொல்லக்கூடிய மொழியே அழிந்துவிட்டது. சியூடன் உழவர் யோஹான் பாரும் ஷுல்ட்சே எழுதிவைத்த தாள்களின் மதிப்பு இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. ருண்ட்லிங்கில் பிறந்து, ருண்ட்லிங்கில் உழுது, அதன் பழைய மொழியை அறிந்த ஒருவர் உள்ளிருந்து எழுதிய அரிய சாட்சியம் அது.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகளை ஓரளவு உறுதியுடன் சொல்லலாம். வட்டம் ஓர் இனத்தின் பிறவி அடையாளம் என்ற கருத்து சான்றுகளுக்கு முன் நிற்கவில்லை. அரண், பட்டி விளக்கங்கள் தனித்து நிற்கப் போதுமானவை அல்ல. நில அமைப்பு இடத்தேர்வை நன்றாக விளக்குகிறது. வடிவத்தைப் பாதி அளவே விளக்குகிறது. 12ஆம் நூற்றாண்டை ஒட்டி, ஜெர்மானியப் பிரபுக்களின் ஆட்சியில், ஸ்லாவ் உழவர்கள் குடியமர்ந்த சிறு ஊர்களாக ருண்ட்லிங்குகள் தொடங்கியிருக்கலாம் என்பதே இப்போதைக்குச் சான்றுகளோடு அதிகம் பொருந்தும் கருத்து. அந்த வளைவை இன்றைய வட்டமாக நிறைத்தவை பின்வந்த நூற்றாண்டுகள்.

திறந்தே இருப்பவையும் சில. திட்டமிடுதலில் குடியேறியவர்களின் பங்கு எவ்வளவு? பிரபுவின் ஆள் வந்து கோடு கிழித்தாரா, அல்லது உழவர்கள் அறிந்த ஒரு பழக்கத்துக்கு அவர் ஒப்புதல் கொடுத்தாரா? தூரத்துப் பிரபுக்களின் நிலங்களில் ஒரே வடிவம் எப்படிப் பரவியது? எல்லாவற்றுக்கும் மேலாக, வளைவு ஏன்? இவற்றுக்குப் புதிய விடை வருமானால் அது பெரும்பாலும் மண்ணுக்கடியிலிருந்தே வரும். ஆவணக்காப்பகங்களில் எதிர்பாராத தாள் ஏதேனும் கிடைப்பது அதிர்ஷ்டம்.

அதனால் ஊர்களைக் காப்பது ஆய்வுக்கும் உயிர்நாடி. 1960களின் இறுதியிலிருந்து ருண்ட்லிங்குகளைக் காக்க ஒரு சங்கம் இயங்கிவருகிறது. கியூஸ்டன் ஊராட்சியின் லியூபெல்னில் பழைய பண்ணை வீடுகளை வைத்து ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் நடக்கிறது. வெண்ட்லாண்டின் 19 ஊர்களைத் தேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் முயற்சி நடந்தது. அந்தத் தகுதி இன்னும் கிட்டவில்லை. மாவட்டத்தின் மக்கள்தொகையோ ஜெர்மனியிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. உழவு பெரிய பண்ணைகளின் கைக்குப் போய்விட்ட காலத்தில், வைக்கோல் வண்டிக்காகக் கட்டிய பெருவாசல்கள் வேறு வாழ்க்கைக்குத் திறக்கப் பழகிக்கொண்டிருக்கின்றன. வீட்டை வாழும் வீடாக வைத்திருந்தால்தான் முகப்பு நிற்கும். முகப்புகள் நின்றால்தான் முற்றம் முற்றமாக இருக்கும்.

வட்டத்தை வகுத்தவர் யார் என்று கேட்டுத் தொடங்கிய ஆய்வு, ஒற்றைப் பெயரைத் தேடிப் போய்ப் பலரைக் கண்டடைந்திருக்கிறது: நிலத்தைப் பங்கிட்ட பிரபு, தம் மொழியோடு வந்து அமர்ந்த ஸ்லாவ் உழவர், பாகம் பிரித்துக்கொண்ட பிள்ளைகள், ஆளி நெய்த பெண்கள், தீக்குப் பிறகு பழைய வளைவிலேயே தூண் நட்ட தச்சர். எந்த மக்கள் இதற்கு உரிமையாளர் என்று கேட்ட 19ஆம் நூற்றாண்டின் கேள்விக்குச் சான்றுகள் இடம் கொடுக்கவில்லை. எந்தெந்தத் தலைமுறை இதில் எதைச் சேர்த்தது என்ற கேள்விக்கு இடம் கொடுக்கின்றன. சியூடன், லியூபெல்ன் போன்ற ஊர்களின் முற்றங்கள் அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதியை இன்னும் தம் மண்ணுக்கடியில் வைத்திருக்கின்றன.